இன்சுலேஷன் பழகுநர்களுக்கு: சூடான லைன், குளிர்ந்த லைன், நடுவில் ஓர் எல்போ

வெளியிலிருந்து பார்த்தால் இன்சுலேஷன் என்பது பைப்பில் வெப்பத்தடுப்புக் கம்பளி சுற்றும் வேலைதான். பழகுநராகச் சேரும் பலரும் அப்படி நினைத்தே வருகிறார்கள். சுற்றுவதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பல நாடுகளில் பயிற்சி 4 ஆண்டு வரை நீள்வது அளவெடுக்கவும் இணைப்பை ஒழுங்காக மூடவும் கை பழகுவதற்காக.

முதல் சில மாதம் சுமை தூக்குவது, வெட்டிக் கொடுப்பது, இடத்தைப் பெருக்குவது. சலிப்பான வேலைதான். ஆனால் எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று கண் பழகுவது அப்போதுதான். நீராவி லைனுக்கு ராக் வுல், அதாவது பாறையை உருக்கி இழுத்த கம்பளி. மேலே ஆள் ஏறி மிதிக்கும் இடமென்றால் கால்சியம் சிலிக்கேட் என்ற கெட்டிப் பலகை. குளிர்நீர் லைனுக்கு நைட்ரைல் ரப்பர் நுரை. தடிமன் அதிகமானால் ஒரே அடுக்காகப் போடாமல் இரண்டாகப் பிரித்து, கீழடுக்கின் இணைப்பு மேலடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி தள்ளிப் போட வேண்டும். நேராக வந்தால் அந்த இடுக்கு வழியாகவே வெப்பம் வெளியேறிவிடும்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கட்டுக் கம்பியை முறுக்கி இறுக்குவது. கம்பி கம்பளிக்குள் பதிந்தால் அங்கே தடிமன் குறைந்துவிடும். 50 மி.மீ. போட்டு 35 மி.மீ. பலன்தான் கிடைக்கும். முறுக்கிய முனையை உள்ளே மடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் கையைக் கிழிக்கும்.

அடுத்தது, இன்சுலேஷனுக்கு மேல் உறையாகப் போடும் தகடு. 4 அங்குல பைப்பின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. அதில் 50 மி.மீ. இன்சுலேஷன் ஏறினால் விட்டம் 214.3. சுற்றளவு 673 மி.மீ., மேல்மடிப்பு 50 சேர்த்து 723 வெட்டலாம். கணக்கு சுலபம், ஆனாலும் தகட்டில் கத்தரி வைப்பதற்கு முன் நிஜமாகவே சுற்றி டேப் பிடித்துப் பாருங்கள். கம்பளி ஒருபோதும் கணக்குப்படி உட்காராது. படுக்கை லைனில் நீள மடிப்பு பக்கவாட்டில், விளிம்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். நிற்கும் லைனில் அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், கூரைக்கு ஓடு வேய்வது போல. மாற்றிப் போட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். நனைந்த கம்பளி வெப்பத்தைத் தடுக்காது என்பது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம், வெளியே பளபளக்கும் தகட்டுக்கு அடியில் பைப் யாருக்கும் தெரியாமல் துருப்பிடிப்பது.

பழகுநரின் தரம் தெரிவது எல்போவில், அதாவது பைப் திரும்பும் வளைவில். அதே 4 அங்குல லைனில் நீள்வளைவு எல்போவின் மைய ஆரம் 152 மி.மீ. 90 டிகிரியை 6 தகட்டுத் துண்டாகப் பிரித்தால் ஒன்று 15 டிகிரி. சுற்றளவை 12 பாகமாகக் கோடிட்டு (பாகம் 56 மி.மீ.), உள்வளைவிலிருந்து வெளிவளைவு வரை 12, 16, 26, 40, 54, 65, 68 என்று அகலம் வைத்து, அதே அளவுகளில் திரும்பி இறங்க வேண்டும். புள்ளிகளை வளைவாகச் சேர்த்து, விளிம்புக்குப் பீடிங் (விளிம்பில் எழுப்பும் புடைப்பு வரி), மடிப்பு அளவு கூட்டினால் அச்சு தயார். முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். மடிப்புக்குக் கூட்ட மறந்தால் கடைசித் துண்டு எட்டாது. இதைப் பெரும்பாலோர் ஒரு தடவையாவது செய்து பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள்.

குளிர்ந்த லைன் தனித் தொழில் என்றே சொல்லலாம். இங்கே எதிரி காற்றில் கலந்திருக்கும் நீராவி. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மேற்பரப்பு சுமார் 26 டிகிரிக்கு இறங்கினாலே அதில் நீர்த்துளி படியும். குளிர்நீரோ 6, 7 டிகிரியில் ஓடுகிறது. ஊசித்துளை போதும், ஈரம் நுழைந்துவிடும். அதனால் ஆவித்தடுப்பு உறையின் (ஈரக்காற்று உள்ளே போகாமல் தடுக்கும் உறை) மேல் ஸ்க்ரூ அடிக்கக் கூடாது, பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ரப்பருக்குப் பசையை இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பின் அழுத்துங்கள். அவசரப்பட்டு ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி இணைப்பு திறந்துகொள்ளும். துண்டு கொஞ்சம் எட்டவில்லை என்று இழுத்து ஒட்டுவது அதைவிட மோசம். ரப்பர் மெல்லச் சுருங்கி இடைவெளி விடும். நீளத்தில் 5 மி.மீ. கூடுதலாக வெட்டி நெருக்கி வையுங்கள். ஒட்டிய பின் ஒரு முழு நாளாவது லைனை ஓட்டாமல் இருக்கட்டும். பைப்பைத் தாங்கும் கிளாம்ப் நேராகப் பைப்பின் இரும்பைத் தொட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அங்கேதான் சொட்டும். அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே கெட்டியான இன்சுலேஷன் கட்டை வேண்டும்.

முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி, துகள் முகமூடி இல்லாமல் கம்பளியைத் தொடாதீர்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பழைய லைனின் லேகிங்கை (பழைய இன்சுலேஷன் சுற்றை) கழற்றச் சொன்னால், ஆஸ்பெஸ்டாஸ் என்ற நச்சு நார் இருக்கிறதா என்ற சோதனை நடந்ததா என்று கேளுங்கள். பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வக முடிவு கைக்கு வரும்வரை அதில் கத்தி வைக்க வேண்டாம், ஃபோர்மேன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.