பத்து மீட்டர் கயிறு

மே 5. நுக்கு ஹிவா, டைஒஹே விரிகுடா

நாளை காலை கிளம்புகிறோம். பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினேசியாவின் மார்க்கேசஸ் தீவுகளை விட்டு தென்மேற்கே, துவாமோட்டு கூட்டத்திலுள்ள கௌவேஹி என்ற பவளத்தீவுக்கு. ஏறக்குறைய 500 கடல் மைல். எங்கள் படகின் நடைக்கு நான்கு நாள்.

இந்த விரிகுடா பார்க்க அழகு, படுக்க லாயக்கில்லை. தெற்கு அலை நேராக உள்ளே வந்து 42 அடிப் படகை ஆட்டுகிறது. தொட்டில் ஆட்டம் என்று படித்திருக்கிறேன். எழுதியவர் தரையில் இருந்திருக்க வேண்டும். இது சல்லடை ஆட்டம்.

கிளம்பும் வேலையில் பாதி, சத்தத்தைத் தேடிப் பிடிப்பது. கடலுக்குள் போன பிறகு ஒரு கரண்டி கிலுகிலுத்தாலும் தூக்கம் போச்சு. கண்ணாடிக் குப்பிகளின் நடுவே நான்கு பேரின் காலுறைகளும் போய்விட்டன. இங்கே அவற்றுக்கு வேறு வேலையும் இல்லை.

மார்க்கேசஸ் கடிகாரம் டஹிட்டிக்கு அரை மணி முன்னால் ஓடுகிறது. கௌவேஹியில் டஹிட்டி நேரம். அப்படியானால் வழியில் நமக்கு அரை மணி மிச்சம் என்று சின்னவன் (ஆறு வயது) கண்டுபிடித்துவிட்டான். அந்த அரை மணி யாருக்கு? தூங்கப் போகும் நேரத்தில் சேர்க்க வேண்டுமென்பது அவன் கட்சி. பாடத்தில் கழிக்க வேண்டுமென்பது அக்காவின் கட்சி. தீர்ப்பு ஒத்திவைப்பு.

மழைக்குப் பின் விரிகுடா தண்ணீர் கலங்கலாகவே இருந்ததால், கடல்நீரைக் குடிநீராக்கும் நன்னீர் இயந்திரத்தை ஓட்டவில்லை. இன்று மூடியைத் திறந்து பார்த்தால் பம்பின் ஓரம் உப்புப் பூத்திருக்கிறது. இவர் ஒரு திருகை இறுக்கிவிட்டு "ஒண்ணுமில்ல" என்றார். இவர் அப்படிச் சொன்னாலே எனக்குப் பயம்.

மே 7. கடலில், இரண்டாவது இரவு

காற்று கிழக்கு-தென்கிழக்கிலிருந்து 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல். பெரிய பாயில் ஒரு ரீஃப்: பாயை ஒரு மடிப்பு சுருக்கிக் கட்டியிருக்கிறோம். படகு தன்பாட்டுக்கு ஓடுகிறது.

நாங்கள் இருவரும் மூன்று மணிக்கொரு முறை காவல் மாற்றிக்கொள்வோம். இந்தத் தடவை பெரியவள் தனக்கும் ஒரு முறை வேண்டுமென்று நின்றாள். பதினொரு வயது. ஏழிலிருந்து ஒன்பது வரை கொடுத்தோம், நான் பக்கத்தில் இருப்பேன் என்ற நிபந்தனையோடு. மற்ற நிபந்தனைகள் எல்லோருக்கும் பொது: படியேறி வெளியே வருவதற்கு முன்பே பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்ட வேண்டும், தனியாக இருக்கும்போது காக்பிட்டைவிட்டு (சுக்கான் இருக்கும் பின்பக்கக் குழி) முன்னால் போகக் கூடாது, பாய் கிழிந்தாலும் சரி. கொக்கி விழும் 'கிளிக்' கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

நிலா இல்லை. திரிசங்கு, தென்வானத்துச் சிலுவை விண்மீன்கள், நிமிர்ந்து நின்றது. அதன் நீளவாக்கை நாலரை மடங்கு நீட்டி, அங்கிருந்து நேரே தொடுவானத்துக்கு இறங்கினால் தெற்கு. விரலால் அளந்து திசைகாட்டியோடு ஒப்பிட்டாள். நான்கு டிகிரி வித்தியாசம். "திசைகாட்டியில தப்பு இருக்கும்மா" என்றாள்.

பிறகு பதிவேட்டை எழுதினாள். காற்று, போக்கு, வேகம், காற்றழுத்தம். கடைசிக் கட்டத்தில் 'வானிலை: தெளிவு. அம்மா: தூங்கி விழுகிறாள்.'

மே 9. கடலில்

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாளைப் போல நல்ல நாள் கடலில் இல்லை. தூண்டிலில் ஒரு சூரை. முன்பாயின் கயிற்றைச் சுற்றும்போது இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நேராக நிற்கிறார், குனிய முடியவில்லை.

மே 10. கௌவேஹி

விடியும்போதே தீவுக்கு வெளியே வந்துவிட்டோம். ஆனால் உள்ளே போக விடியல் போதாது. துவாமோட்டுவுக்கு அந்தக் காலத்து மாலுமிகள் அபாயத் தீவுக்கூட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மார்க்கேசஸில் மலை ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். இங்கே நிலம் தண்ணீர் மட்டத்திலிருந்து சில அடிதான். முதலில் தெரிவது தென்னை மரத்தின் உச்சி, அதுவும் கிட்டத்தில் வந்த பிறகு.

தீவு என்பது ஒரு வளையம், நடுவில் உள்கடல். வளையத்தில் ஒரே ஒரு வாய். தெற்கிலிருந்து பெரிய அலை வந்தால் வளையத்தின் மேலேயே தண்ணீர் ஏறி உள்ளே கொட்டும். கொட்டியதெல்லாம் வெளியேற இந்த ஒரு வாய்தான் வழி. அதனால் ஓத அட்டவணையை மட்டும் நம்பி நுழைய முடியாது. நீரோட்டம் வெளியே பாய, காற்று எதிரே அடித்தால் வாயில் அலை செங்குத்தாக எழும்பி நிற்கும். காத்திருந்தோம். 12.10க்கு மேல் நுரை அடங்கியது, நுழைந்தோம். ஐந்து நிமிட வேலை. அதற்கு ஆறு மணி நேரக் காத்திருப்பு.

இனிதான் எழுத வேண்டிய விஷயம்.

உள்கடலில் பவளத் தூண்கள் முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேற்பரப்பு வரை எழும்பி நிற்கும். சூரியன் உயரத்திலும் முதுகுக்குப் பின்னாலும் இருந்தால்தான் கண்ணுக்குப் படும். கருநீலம் ஆழம், வெளிர்நீலம் மணல், பழுப்பு என்றால் நின்றுவிட வேண்டும். வழக்கமாக இவர் அணியத்தில், படகின் முன்நுனியில், நின்று கை காட்டுவார், நான் சுக்கானைப் பிடிப்பேன். முதுகு பிடித்ததால் இன்று அணியத்தில் பெரியவள். கூசொளி மறைக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்கம்பியைக் கையால் சுற்றிப் பிடித்து நின்றாள். கை இடது பக்கம் நீண்டால் இடது, வலது பக்கம் நீண்டால் வலது, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் எஞ்சினை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒன்றே முக்கால் வாக்கில் முட்டி மடக்கினாள்.

நான் கடல் வரைபடம் காட்டும் திரையைப் பார்த்தேன். அதில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மேகத்தின் நிழலைப் பார்த்துப் பயந்திருப்பாள் என்று நினைத்தேன். மூன்று விநாடி இருக்கும், நான்கு இருக்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டியை மட்டும் இன்னும் உயர்த்தினாள். எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டேன். படகு நின்றபோது வலப் பக்கம், ஒரு படகு நீளம்கூட இல்லை, பழுப்பு மேசை ஒன்று தண்ணீருக்கு அரை மீட்டர் கீழே. அதன் மேல் மஞ்சள் மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

திரையில் ஒன்றுமில்லை என்றால் அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் பதினொரு வயதுக் கைக்கும் திரைக்கும் நடுவில் நான் நம்பியது திரையை.

தென்கிழக்கு மூலையில் ஒன்பது மீட்டர் ஆழத்தில் நங்கூரம். அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பதிவேட்டைப் புரட்டினேன். '13.45. பாறை. அம்மா லேட்.'

மே 13. கௌவேஹி

காலையில் பாடம். சின்னவனின் கேள்வி: "இந்தத் தீவுல மலை எங்க?" கீழே இருக்கிறது என்றேன். நம்பவில்லை. ஒரு வாளியில் கல்லை வைத்து, கல்லின் விளிம்பைச் சுற்றி மாவு ஒட்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். எரிமலை மெல்லத் தாழும், அதைச் சுற்றிய பவளம் வெளிச்சத்தைத் தேடி மேலே வளர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சும். டார்வின் 1835இல் பீகிள் கப்பலில் இந்தக் கூட்டத்தின் வழியாகத்தான் டஹிட்டிக்குப் போனார். இந்த விளக்கத்தை 1842இல் புத்தகமாகவே போட்டார். பையனுக்கு டார்வின் பொருட்டில்லை. தண்ணீர் ஏற ஏற மாவை மேலே ஒட்டுவது பிடித்துவிட்டது. கல் முழுகியதும் கை தட்டினான்.

மத்தியானம் நன்னீர் இயந்திரம் நின்றது. கடல்நீரை 55 பார் அழுத்தத்தில் சவ்வின் வழியே தள்ளினால்தான் உப்பு பிரியும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய சீல் போய்விட்டது. மாற்று சீல் பெட்டியில் இருக்கிறது, இரண்டு. இரண்டும் வேறு அளவு. வாங்கும்போது இதுதான் என்று அடித்துச் சொன்னவர்கள் இப்போது எத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்களோ.

தொட்டியில் 260 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு ஆறு லிட்டர் என்றால் பத்து நாள் வரும். கிராமத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அவர்களும் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள். கேட்க மனசில்லை. இவர் ஒரு நோட்டு போட்டுவிட்டார். குழாயடியில் தொங்குகிறது, பென்சிலோடு. எடுப்பவர் எவ்வளவு என்று எழுத வேண்டும். பாத்திரம் கடல்நீரில் கழுவி, கடைசியில் நல்ல தண்ணீரை ஸ்ப்ரே குப்பியால் பீய்ச்சித் துடைப்பு. குளியல் கடலில். உப்பு காய்ந்த துணி ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி நசநசக்கும். அதுதான் எனக்குத் தாங்காது.

மே 16

சண்டை.

வீட்டில் கோபம் வந்தால் கதவை அறைந்துவிட்டு வெளியே போகலாம். இங்கே கதவைச் சாத்தினாலும் மூச்சு விடுவதுவரை கேட்கும். அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படகின் பின்னால் பத்து மீட்டர் கயிற்றில் டிங்கி என்ற குட்டிப் படகு மிதக்கிறது. கோபம் வந்தவர் அதில் ஏறிக் கயிற்றை முழுக்க விட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் கூப்பிடக் கூடாது, கயிற்றை இழுக்கக் கூடாது. அவராக இழுத்துக்கொண்டு வரும்வரை அவர் ஊரில் இல்லை. இதைக் கண்டுபிடித்தது பெரியவள், எட்டு வயதில்.

இன்று காலை சின்னவன் தூண்டிலில் ஒரு களவா பிடித்தான். முழங்கை நீளம், அவன் வாழ்நாளிலேயே பெரிய மீன். திருப்பி விடச் சொன்னேன். இங்கே பவளத்தில் ஒட்டி வளரும் நுண்பாசியின் விஷம் சின்ன மீன், பெரிய மீன் என்று ஏறி, பெரிய வேட்டை மீன்களில் சேர்ந்திருக்கும். அதற்குப் பெயர் சிகுவாடெரா. மணமில்லை, ருசியில் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. அந்த நோய் வந்தால் குளிர்ந்த பொருளே சுடுவதுபோல இருக்கும் என்பார்கள். எந்தப் பக்கத்து மீன் சரி என்று தீவுக்காரர்களைக் கேட்காமல் தொடுவதில்லை. இதையெல்லாம் விளக்கினேன். அவன் அழுதான். இவர், "போட்டோவாவது எடுத்திருக்கலாம்ல" என்றார். அது போதும். தண்ணீர், சீல், முதுகு, மூன்று நாளாகக் காயாத துண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தினேன்.

டிங்கியில் போய் உட்கார்ந்தது நான்தான். இரண்டு மணி நேரம். கருமுனைச் சுறாக்கள் இரண்டு கீழே சுற்றிக்கொண்டிருந்தன. யார் மேலும் அவற்றுக்குக் கோபமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் படகு எவ்வளவு சின்னது! பின்கம்பியில் நான்கு துண்டுகள் தொங்குகின்றன. மூன்று பேர் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மே 19

மாராமு வந்துவிட்டது. தென்கிழக்குக் காற்று முறைத்துக்கொண்டு நாள்கணக்கில் அடித்தால் இங்கே அந்தப் பெயர். 30 நாட், சில சமயம் 35. தென்கிழக்கு மூலையில் தென்னைக்குப் பின்னால் நிற்பதால் அலை இல்லை. ஆனால் நங்கூரச் சங்கிலி எதிலோ மாட்டியிருக்கிறது. படகு காற்றில் திரும்பும்போதெல்லாம் அடியிலிருந்து எலும்பை அரைக்கிற சத்தம், பிறகு ஒரு வெட்டு. ராத்திரி முழுக்க மாறி மாறி விழித்திருந்தோம்.

நான்கு மணிக்கு மழை. இவர் முதுகை மறந்து மேலே ஓடினார். படங்கின் நடுவைத் தாழ்த்திக் கட்டி, குழாயைத் தொட்டிக்குள் விட்டோம். முதல் பத்து நிமிடத் தண்ணீர் உப்பும் பறவை எச்சமும். அதைத் துணிக்கு வைத்தோம். பிள்ளைகள் இருட்டில் சோப்போடு நின்றார்கள். விடிந்தபோது தொட்டியில் 140 லிட்டர் ஏறியிருந்தது. இவர் நோட்டில் அதை வரவு என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

மே 22

காற்று விழுந்துவிட்டது. அடுத்த பவளத்தீவான ஃபக்கரவாவுக்கு நாற்பது மைல் சொச்சம். சீலுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம், சரக்குக் கப்பலில் அங்கே வரும்.

முதலில் சங்கிலி. எஞ்சினைப் போடுவதற்கு முன்பு பெரியவள் முகக்கண்ணாடியோடு இறங்கி, மேலே மிதந்தபடியே சங்கிலியின் வழி முழுதும் பார்த்துவிட்டு வந்தாள். ஈரக் கையோடு வரைந்தாள்: மூன்று பாறை. முதலாவதில் ஒரு சுற்று, கடிகார முள் திசை. இரண்டாவதின் அடியில் நுழைந்து போகிறது. மூன்றாவது சும்மா உரசுகிறது.

பிறகு டிங்கியில் உட்கார்ந்தாள், அதே பத்து மீட்டர் கயிற்றில், ஆனால் அணியத்துக்கு முன்னால். மடியில் அடியில் கண்ணாடி பதித்த வாளி. அதைத் தண்ணீரில் அழுத்தி உள்ளே பார்ப்பாள், இடக் கை மட்டும் மேலே. இவர் வின்ட்லாஸ் பொத்தானில், சங்கிலியை இழுக்கும் பொறி அது. நான் சுக்கானில். திரையை அணைத்துவிட்டேன், எப்படியும் அதில் ஒன்றுமில்லை.

கை இடது. போனேன். கை சுழன்றது. படகின் பின்பக்கத்தைச் சுழற்றினேன். முட்டி. நடுநிலை. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை; சங்கிலி முறுகி நிற்கிறது, காற்று படகை மெல்லத் தள்ளுகிறது, கியரில் என் கை வியர்க்கிறது. அவள் முகம் வாளிக்குள். முட்டி அப்படியே. பிறகு அடியில் ஒரு தட்டல், சங்கிலி தளர்ந்தது, கை நேராக முன்னால் நீண்டது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பவளத்தில் ஒரு கிளைகூட உடையவில்லை என்று மூன்று முறை சொன்னாள்.

கடல்வாயைத் தாண்டியதும் காக்பிட்டிலேயே சுருண்டு தூங்கிவிட்டாள். தலைமுடி உப்பில் கயிறாகியிருந்தது. சாயங்காலம் எழுந்ததும் உட்கார வைத்து, இரண்டு குவளை நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிட்டேன். நோட்டில் எழுதவில்லை.