புரோவான்ஸ் நாட்குறிப்பு: அம்மாவுடன் ஒரு கோடை

ஜூலை 7, ஞாயிறு. லில்-சுர்-லா-சோர்க்

தெற்கு பிரான்சில் புரோவான்ஸ் பகுதியின் ஒரு சின்ன ஊர் இது. சோர்க் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து ஊரைச் சுற்றி வருகிறது. ஒரு காலத்தில் கம்பளி, பட்டு, காகித ஆலைகளை ஓட்டிய பெரிய நீர்ச்சக்கரங்கள் இப்போதும் பாசி தொங்கத் தொங்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்று ஞாயிற்றுச் சந்தை. ஆலிவ், பூண்டுச் சரம், ஆட்டுப்பால் சீஸ், பழம்பொருள் கடைகள். முலாம்பழம் கேட்டதும் கடைக்காரம்மா, “மத்தியானத்துக்கா, ராத்திரிக்கா?” என்று விசாரித்தார். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, அடிப்பக்கத்தை முகர்ந்து, காம்போரம் லேசாக வெடிப்பு விட்டிருந்த பழத்தை எடுத்துக் கொடுத்தார். அப்படி ஒரு இனிப்பு!

மதியம் ஒரு மணிக்குச் சந்தை கலைந்துவிட்டது. தெரு முழுக்க மரச்சன்னல்கள் சாத்தியாகிவிட்டன. “இந்த வெயிலுக்கு இதுதான் சரி” என்றாள் அம்மா. நாங்களும் சன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினோம்.

ஜூலை 8, திங்கள். ஃபோன்தேன்-தெ-வோக்ளூஸ்

நேற்றுப் பார்த்த ஆறு புறப்படும் இடம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் காலடியில் ஒரு குகைக் குளம். 1985இல் இயந்திரம் ஒன்றை உள்ளே இறக்கி 308 மீட்டர் ஆழத்தில் அடியைத் தொட்டிருக்கிறார்கள். வசந்தத்தில் குளம் நிரம்பி வழியுமாம். கோடையில் மட்டம் இறங்கிவிடுகிறது; தண்ணீர் கீழேயுள்ள பாறை இடுக்குகள் வழியாக வெளியே வருகிறது. அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தால்தான் நம்ப முடியும். கவிஞர் பெத்ரார்க் 14ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கி எழுதியவர். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். அப்புறம் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும்.

ஜூலை 10, புதன்

மிஸ்ட்ரல் வீசுகிறது. ரோன் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து இறங்கும் காற்று. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆனால் நேராக நடக்க முடியவில்லை. ரூசிலோன் என்ற ஊரின் காவிப் பாறைகளைப் பார்க்கப் போய், கண், காது, தலைமுடி எல்லாம் செம்மண்ணாகத் திரும்பினோம்.

இந்தக் காற்றை உணர்ந்த பிறகுதான் இந்த ஊர்களின் அமைப்பு எனக்குப் புரிந்தது. பழைய பண்ணைவீடுகளின் வடக்குச் சுவரில் சன்னல் இல்லை, இருந்தாலும் சின்னது. வயலுக்கு வடக்கே சைப்ரஸ் மரங்களை நெருக்கமாக வரிசைகட்டி நட்டிருக்கிறார்கள். தேவாலயக் கோபுர உச்சியில் மணியைச் சுற்றி வெறும் இரும்புக் கம்பிக் கூண்டு, காற்று தடையில்லாமல் புகுந்து போவதற்காக. அழகென்று நான் படம் எடுத்துக்கொண்டிருந்தது எல்லாம் காற்றுக்கும் வெயிலுக்கும் பார்த்துக் கட்டியது.

ஜூலை 12, வெள்ளி. போன் துய் கார்

ரோமானியர்கள் முதல் நூற்றாண்டில் கட்டிய நீர்ப்பாலம். கார்தோன் ஆற்றுக்கு மேலே மூன்றடுக்கு வளைவுகள், கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம். உசேஸ் ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தூரம் தண்ணீர் போயிருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் மொத்தச் சரிவு சுமார் 12.6 மீட்டர்தான்! பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. வாட்டம் பார்த்தே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

கீழ் அடுக்குகளின் கற்களுக்கு இடையே சாந்து இல்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் கற்கள் சாரம் கட்டுவதற்காக விட்டவை. பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய்த் தொழில் கற்ற கொத்தர்கள் தங்கள் பெயரையும் சுத்தி, உளி உருவங்களையும் இதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கிறுக்கினால் எனக்குக் கோபம் வரும். இவர்களுக்கு அந்த உரிமை உண்டென்று தோன்றியது. அம்மா ஆற்றில் கால் நனைத்தபடி ஒரு மணி நேரம் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, ஞாயிறு. சோ

லாவெண்டர். வயலுக்கு வயல் இருப்பது ஒரே செடி இல்லை. ஒரு காம்பில் மூன்று கதிர் கிளைத்தால் அது லாவாந்தின் என்ற கலப்பினம். சோப்புக்கும் சலவைப் பொருளுக்கும் போகிறது. ஒரு காம்பு, ஒரு கதிர் என்றால் அசல் லாவெண்டர். உயரமான இடம்தான் அதற்குப் பிடிக்கும், எண்ணெய் வாசனைத் திரவியத்துக்கு. இரண்டையும் கசக்கி முகர்ந்தேன். லாவாந்தினில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்: படம் எடுக்க வரிசைக்குள் இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் அது.

ஜூலை 17, புதன். ஆர்ல்

வான்கோ 1888இல் வந்து வரைந்து குவித்த ஊர். ஆனால் எங்களைப் பிடித்து இழுத்தது இங்குள்ள ரோமானிய வட்டரங்கம். 20,000 பேர் உட்காரக் கட்டியது. பேரரசு சரிந்த பிறகு மக்கள் இதையே கோட்டையாக்கி, உள்ளே 200க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 1820களில்தான் வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். இடைக்காலக் காவல் கோபுரங்கள் மூன்று இன்னும் நிற்கின்றன. ஒரு வீட்டையாவது விட்டு வைத்திருக்கலாம்.

சாயங்காலம் அங்கேயே கமார்க் (ரோன் ஆற்றின் கழிமுகப் பகுதி) காளை விளையாட்டு. காளையின் கொம்பில் சின்ன ரிப்பனும் குஞ்சமும் கட்டியிருக்கிறது. வெள்ளை உடுப்பு இளைஞர்கள் கையில் சீப்பு மாதிரி ஒரு கொக்கியோடு ஓடிவந்து அதைப் பறிக்க வேண்டும். காளை துரத்தினால் ஒரே தாவில் தடுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். இந்த ஆட்டத்தில் காளையைக் கொல்வதில்லை. அதிகபட்சம் 15 நிமிடம்; அதன்பின் அது மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பிவிடும். நன்றாக ஆடினால் அதற்கு மரியாதையாக வாத்தியம் வாசிக்கிறார்கள். சுவரொட்டியில் வீரர்களைவிடக் காளையின் பெயர்தான் பெரிய எழுத்தில்.

அம்மா அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரி. முதல் காளை வந்ததுமே எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து இருக்கைப் பெரியவரிடம், காளைக்கு என்ன தீனி போடுகிறார்கள், எத்தனை வயதில் பழக்குகிறார்கள் என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னாள். அவர் மேய்ச்சல் நிலத்துக்கு வழியே சொல்லிவிட்டார். நாளை அவிஞ்ஞோன் போவதாக இருந்தோம். இப்போது கமார்க் போகிறோம்.