மெஷின் கேட்ட கேள்வி

வெளிநாட்டுக் கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் ரொம்ப அக்கறையாகக் கேட்டது, உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டுகிறீர்களா என்று. தெரிந்த கணக்காச்சே என்று நானும் சரி அமுக்கிவிட்டேன். ராத்திரி ரூமில் உட்கார்ந்து பார்த்தால், அன்றைய ரேட்டைவிட நூற்றுக்கு ஐந்து போல அதிகம் போயிருக்கிறது.

இப்படி நம் நாட்டுப் பணமாக மாற்றிக் கட்டவைப்பதற்கு டிசிசி (டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்) என்று பெயர். ரேட்டை விசாவோ மாஸ்டர்கார்டோ போடுவதில்லை. கடைக்கு மெஷின் சேவை தருகிற ஆட்கள் போடுகிறார்கள், தங்கள் லாபத்தையும் சேர்த்து. நீங்கள் போயிருக்கும் நாட்டுக் கரன்சியையே அமுக்குங்கள். ஏடிஎம்மிலும் இதே வலைதான். 'கன்வெர்ஷன் வேண்டாம்' என்று அமுக்கினால் பணம் வராதோ என்று கை நடுங்கும். வரும்.

ஏர்போர்ட்டில் 'கமிஷன் இல்லை' போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள், கமிஷன் அங்கேதான் படுத்திருக்கிறது. டாக்சிக்கு ஆகிற அளவு மாற்றிக்கொண்டு கிளம்பினால் போதும்.

இரண்டாவது கார்டு பர்ஸில் வேண்டாம், பெட்டியில் இருக்கட்டும். (பர்ஸைத் தொலைத்தவன் சொல்கிறேன்.)

மிச்ச நோட்டைத் திரும்ப மாற்றிவிடலாம். சில்லறையைப் பெரும்பாலும் எந்தக் கவுண்டரிலும் தொடமாட்டார்கள். என் மேசை டிராயரைத் திறந்தால் மூன்று நாட்டுக் காசு கலகலக்கிறது.