ஒரே நாட்டில் ஏழு மடங்கு இடைவெளி

2012 முதல் 2016 வரையிலான இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளின்படி, மிசோரத்தின் அய்சால் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் சுமார் 269 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் அந்த எண்ணிக்கை 40-ஐக்கூட எட்டவில்லை. வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகும் எஞ்சும் இடைவெளி இது. புகையிலைப் புகையை நீரில் ஏற்றி வாயில் அடக்கிக்கொள்ளும் ‘துய்பூர்’ பழக்கத்துக்கும் மிசோரத்தின் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், பரிசோதனை வசதி குறைந்த ஊரில் நோய் பதிவாகாமலே போகலாம் என்பதால், குறைந்த எண்ணைக் கண்டு நாம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

சென்னையின் பதிவேடு இன்னும் நீண்ட கதையைச் சொல்கிறது. அடையாறு புற்றுநோய் மையம் 1980களின் தொடக்கத்திலிருந்து பராமரித்துவரும் அந்தப் பதிவேட்டில், பெண்களிடையே அன்று முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. தாமதமான திருமணமும் குறைவான பிள்ளைப்பேறும் முன்னதைத் தணித்துப் பின்னதை உயர்த்தக்கூடியவை.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலோ, வினிகர் தடவிக் கருப்பை வாயைப் பார்க்கும் எளிய பரிசோதனையே அந்நோயை நான்கில் ஒரு பங்கு குறைத்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பரிசோதனை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தவறாமல் நடக்க வேண்டும்.