மூணாறு நாட்குறிப்பு: மறுபடியும் அதே ஆட்சி

ஏப்ரல் 6, 2021

காலையில் ஏழு மணிக்கே அம்மாவும் நானும் வரிசையில் நின்றுவிட்டோம். மலையில் பனி இன்னும் விலகவில்லை. இன்று தமிழ்நாட்டிலும் ஓட்டுதான். கயத்தாறிலிருந்து மாமா போன் செய்து, "அங்க யாரு வருவா?" என்று கேட்டார். எங்கள் கேரள முதல்வர் பினராயிதான் என்றேன். கேரளத்தில் இருந்த ஆட்சியே திரும்ப வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தடவை இவர்கள், அடுத்த தடவை அவர்கள் என்றே பார்த்துப் பழகிய நானும் இந்த முறை மாற்றிப் போடவில்லை.

போன வருஷம் ஊரடங்கில் ரேஷன் கடையில் அரசு இலவசமாகக் கொடுத்த மளிகைக் கிட்தான் காரணம். துணிப்பைக்குள் 17 சாமான். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள்: பயறு, சர்க்கரை, எண்ணெய், மிளகாய்த் தூள். கடைசியாக ஒரு தேயிலைப் பாக்கெட். முப்பது வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தாள். அந்தப் பையில்தான் இன்றைக்கும் கொழுந்துக் காட்டுக்குச் சோறு கொண்டுபோகிறாள்.

மே 2

பினராயியின் இடதுசாரிக் கூட்டணிக்கு 140இல் 99! போன தடவை 91தான். காங்கிரஸ் கூட்டணிக்கு 41. பா.ஜ.க.வுக்கு இருந்த ஒரே தொகுதியான நேமமும் போய்விட்டது. தர்மடத்தில் முதல்வர் ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். மட்டன்னூரில் சுகாதார மந்திரி சைலஜா டீச்சர் வித்தியாசத்தில் அவரையும் தாண்டிவிட்டார், 60,963. எங்கள் தேவிகுளம் தொகுதியில் முதல்வரின் மார்க்சிஸ்ட் கட்சிக்காரரான ஆ. ராஜா ஜெயித்தார். கொரோனாவால் ஊர்வலம் கிடையாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவரவர் வாசலில் நின்றபடியே கைதட்டினோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாடாளுமன்றத் தேர்தலில் 20இல் 19ஐ இழந்த கூட்டணி இது. அப்புறம் எப்படி மீண்டது? தினமும் சாயங்காலம் முதல்வர் டிவியில் வந்து இன்றைக்கு எத்தனை பேருக்கு நோய், யாருக்கு என்ன உதவி என்று நிதானமாகச் சொல்வார். மலையாளம் அரைகுறையாகப் புரிகிற பக்கத்து வீட்டுப் பாட்டிகூட அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பயந்து கிடந்த நாட்களில் அந்தக் குரல் தெம்பாக இருந்தது.

மே 16

புயல் மழை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மழை வலுத்தாலே எங்கள் பக்கத்துப் பெட்டிமுடித் தோட்டத்து ஞாபகம் வந்துவிடுகிறது. போன ஆகஸ்டில் அங்கே லயங்கள் மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வாலியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மற்றபடி எங்கள் எல்லோருக்கும் இன்னும் இந்த ஒற்றை அறைதான். வேலையிலிருந்து நின்றால் அதையும் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது.

மே 18

சைலஜா டீச்சருக்கு மந்திரி பதவி இல்லை. முதல்வரைத் தவிரக் கட்சி மந்திரிகள் எல்லோரும் புதுமுகமாம். கட்சி முடிவு என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நிபா காய்ச்சல் வந்தபோதும் கொரோனாவிலும் முன்னால் நின்றவர். நான் போட்ட ஓட்டில் பாதி அவருக்காகவும்தான்.

மே 24

சட்டசபையில் ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள். முடிந்ததும், "ஏய்யா, ஒரு பேப்பர் எடு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"வீட்டு மனுதான். தமிழ்லயே எழுது. அவரு படிப்பாருல்ல?"


ரேஷன் கார்டு நம்பரை அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.