ஒரு கியூவெட்டுக்காக மதுரை வரை

களக்காட்டு வாழை இலையிலிருந்து, சீடாப் என்கிற சோப்பு மாதிரி ரசாயனத்தை வைத்து டிஎன்ஏ பிரித்தாயிற்று. கையில் 50 மைக்ரோலிட்டர். கியூவெட் என்கிற சின்னச் சதுரக் குப்பியில் ஊற்றி, ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோ கருவியில் வைத்து அளவு பார்ப்பது மட்டும்தான் பாக்கி, அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் இழுத்தது.

முதல் தப்பு என்னுடையதுதான். பாளையங்கோட்டையில் லேப் சாமான் கடையில் போய், "ஸ்பெக்ட்ரோவுக்குக் கியூவெட் வேணும் அண்ணாச்சி" என்று மொட்டையாகக் கேட்டேன். நூறு எண்ணம் உள்ள பிளாஸ்டிக் பெட்டியை நீட்டினார். "எல்லா காலேஜுக்கும் இதுதான் தம்பி போவுது." டிஎன்ஏ ஒளியை உறிஞ்சுகிற 260 நானோமீட்டரில் வெறும் தண்ணீருக்கே அளவு எகிறியது. பெட்டியில் பாலிஸ்டைரீன் என்று எழுதியிருந்ததை அப்புறம்தான் படித்தேன். அதன் மூலக்கூறு முழுக்க பென்சீன் வளையம். 340-க்குக் கீழே வருகிற புற ஊதாவை அதுவே விழுங்கிவிடும். பிளாஸ்டிக்கிலேயே புற ஊதாவுக்கென்று தனி ரகம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மேசை டிராயரில் பழைய கியூவெட்டுகள் இரண்டு கிடந்தன. எது குவார்ட்ஸ், எது கண்ணாடி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. லேப் அண்ணன்தான் வழி சொன்னார்: காற்றைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு காலிக் கியூவெட்டை 260-ல் பார். குவார்ட்ஸ் 0.1 பக்கம் நிற்கும், கண்ணாடி மேலே ஓடிவிடும். ஒன்று குவார்ட்ஸ்தான்! ஆனால் இரண்டு மூன்று மில்லியாவது ஊற்ற வேண்டும். என் 50 மைக்ரோலிட்டரை அதில் கரைத்துவிட்டு டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆருக்கு எதை எடுப்பது?

100 மைக்ரோலிட்டர் போதும் என்கிற சின்னக் குவார்ட்ஸ் தேடி மதுரைக்குப் போனேன். பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று. பக்கச் சுவர் கறுப்பாக இருப்பதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். தெளிந்த சுவர் என்றால் ஒளி மாதிரியைத் தொடாமல் ஓரமாக நழுவி, அளவைக் குறைத்துக் காட்டிவிடும். அந்தப் பெருமையோடு வந்து வைத்தால், ஒளி போதவில்லை என்று திரையில் வருகிறது.

ஒளி கியூவெட்டின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும், 8.5, 15, 20 மில்லிமீட்டர் என்று உண்டு. நான் வாங்கியது 8.5. எங்கள் கருவியை 550-ல் வைத்து, கியூவெட் நிற்கும் குழிக்குள் ஒரு துண்டு வெள்ளைத்தாளைச் செருகிப் பார்த்தோம். பச்சைப் பொட்டு விழுந்தது. ஸ்கேல் வைத்தால் 15! ஒளி போய்க் கறுப்புச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தாள் வேலையை மதுரைக்குப் பஸ் ஏறும் முன்பே செய்திருக்கலாம்.

கடைக்குப் போன் போட்டால், "பெட்டியப் பிரிச்சுட்டீங்களே சார், எப்படித் திருப்பி எடுக்க?" லேப் அண்ணன் ஒன்றும் பேசாமல் ஒரு ரப்பர் அடைப்பானை 6.5 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவிக் குழிக்குள் போட்டு, அதன் மேல் கியூவெட்டை நிறுத்தினார். மூடி மயிரிழையில் மூடியது.

2 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ, 98 டிஇ (புளிப்பு மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல்). 260-ல் 0.21, 280-ல் 0.115. சுத்தத்தைக் காட்டும் இந்த இரண்டின் விகிதம் 1.83, டிஎன்ஏ சுத்தம்தான். டிஎன்ஏவுக்கு அளவு 1 என்றால் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் என்பது கணக்கு. 0.21-ஐ அந்த 50-ஆல் பெருக்கி, ஐம்பது மடங்கு கரைத்ததற்காக இன்னொரு 50-ஆல் பெருக்கினால், மில்லிக்கு 525 மைக்ரோகிராம். அண்ணனுக்கு அன்று டீயும் வடையும் என் கணக்கு.

ஆர்என்ஏ பார்க்கிறவர்கள் 50-க்குப் பதில் 40-ஆல் பெருக்குங்கள். அதே கியூவெட் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடும் இடிடிஏவும் கலந்த கரைசலில் அலசி, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி இல்லாத தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு வையுங்கள். விகிதத்தை வெறும் தண்ணீரில் பார்க்காதீர்கள். தண்ணீரின் புளிப்பில் அது இறங்கிவிடும். என் ஜூனியர் தன் ஆர்என்ஏவுக்கு 1.6 வருகிறதே என்று ஒரு நாள் முழுக்க அழுதாள். டிஇ-க்கு மாற்றியதும் 2-ஐத் தொட்டது.

அந்த நூறு பாலிஸ்டைரீனும் வீணாகவில்லை. பிராட்ஃபோர்டு முறையில் புரதம் பார்ப்பது 595-ல்தானே. பக்கத்து மேசைக்காரர்கள் தினம் பத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், கேட்காமலே.