அப்பா ஜம்பரைத் திருப்பிப் பார்த்தார்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் எங்களைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. அம்மாபேட்டை வீட்டுக்கு வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே என் மகனுடைய கிறிஸ்துமஸ் ஜம்பர், அதாவது ஸ்வெட்டர், கிடந்தது. சிவப்பு நிறம், நெஞ்சில் ஒரு கலைமான், அதன் மூக்கில் ஒரு குட்டி பல்பு. எடுத்து வெளியே வைக்கும்போது விரல் எங்கேயோ பட்டு, மூக்கு மின்னிப் பாட்டும் பாட ஆரம்பித்துவிட்டது. திண்ணையில் படுத்திருந்த பூனை எகிறிக் குதித்து ஓடியது. "என்ன கண்ணு இது, துணி பாடுது!" என்று அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. ஜம்பரை வாங்கி மடியில் போட்டு, முதல் வேலையாக உள்பக்கத்தைத் திருப்பினார். நாற்பது வருடம் தறிக்குழியில் கால் வைத்தவர் அவர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பார். கலைமானுக்குப் பின்னால் வெள்ளையும் பழுப்புமாக நூல்கள் கட்டில்லாமல் நீளநீளமாகத் தொங்கின. சுண்டுவிரலை விட்டார், மாட்டிக்கொண்டது. ஒரு நூலைப் பிடுங்கினார். சாமி மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து வரச்சொல்லி அதன் நுனியில் வைத்தார். குப்பென்று பிடித்து, சுருண்டு, உருகி, கடைசியில் கடுகளவு ஒரு கறுப்பு மணி மிஞ்சியது. ஆறியதும் நகத்தால் அழுத்தினார். நசுங்கவில்லை.

பட்டு அப்படி எரியாது. முடி கருகும் வாசனை வரும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகிவிடும். சின்ன வயதில் முதலாளி கொடுத்த நூலில் சந்தேகம் வந்தால் அப்பா இப்படித்தான் பார்ப்பார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

"இது பிளாஸ்டிக்கும்மா. எவ்வளவு குடுத்த?"

"பன்னெண்டு பவுண்டுப்பா."

"எத்தன வாட்டி போட்டான்?"

"ரெண்டு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பு மணியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊருக்குப் போய் நான்கு வருடம் முடிந்துவிட்டது. அங்கே இப்போது எனக்கு எல்லாம் பழக்கம். எந்த பஸ் எந்த நேரத்துக்கு என்று தெரியும், குப்பைத் தொட்டிகளின் கிழமை தெரியும், பெல்கிரேவ் ரோட்டில் எந்தக் கடையில் கறிவேப்பிலை வாடாமல் இருக்கும் என்று தெரியும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடுவதும் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த இருட்டில் வீட்டுக்கு நடந்து வரும்போதெல்லாம் காது என்னையறியாமல் தறிச் சத்தத்தைத் தேடும். அம்மாபேட்டையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு வீட்டுத் தறி நின்றால் அடுத்த வீட்டுத் தறி ஓடும். சத்தமில்லாத சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே அந்த ஊருக்குப் போய்த்தான் தெரிந்தது.

முதல் டிசம்பரில் மகனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தகவலில், வியாழக்கிழமை ஜம்பரும் ஒரு பவுண்டும் கொண்டு வரவும் என்று இருந்தது. ஜம்பர் என்றால் ஸ்வெட்டர் என்பது எனக்குத் தெரியும், அதோடு விட்டுவிட்டேன். துவைத்த யூனிபார்ம் ஸ்வெட்டரை மாட்டி, சட்டைப்பையில் காசைப் போட்டு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிடப் போனால், கதவு வழியாகப் பனிமனிதர்களும் கலைமான்களும் வரிசையாக வருகிறார்கள், நடுவில் இவன் மட்டும் கருநீலத்தில். "அம்மா, எல்லாரும் மரமா வந்தாங்க, நான் மட்டும் நானா போனேன்" என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தீபாவளியன்று பழைய சட்டையோடு தெருவில் நின்ற குழந்தையை நம்மில் யார் மறந்திருப்போம்?

பிறகுதான் விவரம் தெரிந்தது. சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2012-ல் தொடங்கி வைத்த நாள் அது. டிசம்பரில் ஒரு நாள் எல்லோரும் வேடிக்கையான கிறிஸ்துமஸ் ஜம்பர் போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்காக ஒன்றிரண்டு பவுண்டு கொடுப்பார்கள். புதிதாக வாங்கவே வேண்டாம், இருக்கிறதில் எதையாவது ஒட்டித் தைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

அந்த நாளின் சந்தோஷமும் நிஜமானது. வருடம் முழுக்க முகம் இறுக்கமாகவே இருக்கும் தலைமையாசிரியை, மேலெல்லாம் பஞ்சு உருண்டை தொங்க வாசலில் நின்று குழந்தைகளை வரவேற்றார். பஸ் ஓட்டுபவர் கழுத்தில் ஜிகினாச் சரம். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துத் தரும் பெண்ணின் வயிற்றில் கேக் படம். அத்தனை மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன தெருக்காரர்கள், மகனின் உடுப்பைப் பார்த்து நின்று பேசினார்கள். இருட்டும் ஈரமுமான ஒரு மாதத்தில் இப்படி ஒரு நாள் வேண்டும். சேலத்தில் குகை என்ற பகுதியில் ஆடி மாதம் வண்டி வேடிக்கை பார்த்து வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். நேற்றுவரை நூல் சுமந்த அண்ணன் முருகனாகி வண்டிமேல் நிற்பார், நாம் கீழே நின்று கும்பிடுவோம்.

ஆனால் அந்த வேடங்கள் எங்கிருந்து வரும்? எங்கள் தெருவிலிருந்து ஒருவர் மீனாட்சி வேடம் போட்டபோது கட்டியது அம்மாவின் கல்யாணப் புடவை. மறுநாளே நிழலில் உலர்த்தி, மடித்து, கற்பூரம் போட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. அடுத்த வருடம் வேறொரு வீட்டார் வந்து கேட்டார்கள். ஒரு நாளைக்கு என்றே ஒரு துணியை வாங்கி, அந்த நாள் முடிந்ததும் அதற்கு வேலையே இல்லை என்று விடும் வழக்கம் எங்களுக்குத் தெரியாது.

இதைத் தெரிந்தும் நான் அடுத்த வருடம் வாங்கினேன். அதற்கடுத்த வருடம் கை குட்டையானது, மறுபடி வாங்கினேன். போன மாதம் மூன்றாவது. நவம்பர் வந்தாலே சூப்பர் மார்க்கெட்டில் பால் எடுக்கப் போகிற வழியில் குவித்து வைத்துவிடுகிறார்கள். குழந்தை கையை விட்டு ஓடிப் போய்த் தொடுகிறது. விலை இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. யார்தான் யோசிப்பார்கள்?

ஹப்பப் என்ற தொண்டு அமைப்பு 2019-ல் இதை ஆராய்ந்தது. அந்த ஒரு கிறிஸ்துமஸுக்கு மட்டும் பிரிட்டனில் 1.2 கோடி புது ஜம்பர்கள் வாங்கப்படும், அதே நேரம் 6.5 கோடி பழைய ஜம்பர்கள் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன என்றது. ஐந்தில் இரண்டு ஜம்பரை அந்தப் பண்டிகைக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் போடுகிறார்களாம். அவர்கள் எடுத்துப் பார்த்த 108 ஜம்பர்களில் 95 சதவீதத்தில் பிளாஸ்டிக் இழை இருந்தது, பெரும்பாலும் அக்ரிலிக். பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016-ல் செய்த ஆய்வின்படி, ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை மெஷினில் போட்டால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. அப்பாவின் ஜன்னல் திட்டில் இருந்த அந்தக் கறுப்பு மணியைப் பார்த்த பிறகுதான் இந்த எண்கள் எனக்குள் இறங்கின. அதற்கு முன் அவை செய்தியாக மட்டும் இருந்தன.

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கும் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். லெஸ்டர் பின்னலாடை ஊர். 1589-ல் நாட்டிங்ஹாம் பக்கம் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைச் செய்த பிறகு, அந்தத் தொழிலில் வளர்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. இந்த அம்மா இளவயதில் அங்கே ஒரு பின்னலாலையில் வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸுக்கு அவர் போடுவது, கணவருக்காகத் தன் கையால் பின்னிய கம்பளி ஜம்பர், பச்சையில் வெள்ளைப் பனிப்பூ. கணவர் போன பிறகு இவர் போட்டுக்கொள்கிறார். முழங்கை தேய்ந்த இடத்தில் வேறு பச்சையால் இழையோட்டியிருக்கிறார், இரண்டு பச்சையும் ஒத்துப்போகவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. என் மகன் புது ஜம்பரைக் காட்ட ஓடியபோது, அவனைக் கொஞ்சிவிட்டு, ஜம்பரின் கீழ்விளிம்பை மடித்து உள்பக்கத்தைப் பார்த்தார். அப்போது அதை நான் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. அம்மாபேட்டையில் அப்பா திருப்பியபோதுதான் அந்தக் கை ஞாபகம் வந்தது.

அப்பா நெய்தது சேலம் வெண்பட்டு. இப்போது அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேட்டியும் அங்கவஸ்திரமுமாக ஒரு செட் முடிக்க எங்கள் வீட்டில் மூன்று நாள் ஆகும். அம்மா ஊடுநூலைத் தாரில் சுற்றித் தருவாள், பாவில், அதாவது நெடுக்கு நூலில், அறுந்த இழையை நாங்கள் தேடிப் பிடிப்போம், அப்பா பிணைப்பார். ஓர் இழை விட்டுப்போனாலும் நெசவாளர் சொசைட்டியில் கூலியைக் குறைத்துவிடுவார்கள். அப்படி நெய்த வேட்டியைக் கட்டி மணவறையில் உட்கார்ந்தவர், அறுபதாம் கல்யாணத்துக்கும் அதையே கட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்களுக்கோ தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு செட்தான். பாவாடையில் மூன்று மடிப்பு உள்ளே வைத்துத் தைக்கச் சொல்வாள் அம்மா, வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரிப்பாள். பிரித்த இடத்தில் மட்டும் நிறம் பளிச்சென்று தெரியும். மஞ்சள் வைத்துக் கட்டிய அந்தத் தீபாவளிப் பாவாடை பொங்கலுக்கு வரும், மாரியம்மன் பண்டிகைக்கு வரும், சித்தி மகளுக்குப் போகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாக நிற்கும். அடுப்படியில் அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதுவும் வீட்டை விட்டுப் போகவில்லையே என்று.

இந்த முறை பார்த்தால், நான்கு ரோட்டுப் பக்கம் சிக்னலில் சாண்டா கிளாஸ் தொப்பி விற்கிறார்கள். தங்கை மகனின் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழாவுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக உடுப்பு கேட்டார்களாம், அவளும் வாங்கிவிட்டாள். ஒரு மணி நேர நிகழ்ச்சி. தொட்டுப் பார்த்தேன், அதே வழுவழுப்பு. எதிர்வீட்டு டீச்சரக்கா மட்டும் மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு கைத்தறிப் புடவை எடுப்பார், நள்ளிரவுப் பூசைக்குக் கட்டுவார், ஜனவரியிலிருந்து அதைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார். அவர் வீட்டு அதிரசம் எப்போதும்போல ஒரு தூக்கு நிறைய எங்கள் வீட்டுக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் எண்ணிக்கொண்டே வந்தான் மகன், பதினாலில் வாந்தி எடுத்தான், மறுபடி எண்ணினான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். அவர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிரைத் தேடி ஏறிய மலை இது. அவர்கள் ஊர்க் குளிரிலிருந்து வந்த எனக்கு, ஏரிக்கரையில் நின்றபோது உடம்பு இலேசாக நடுங்கியது, மனசு அவ்வளவு நிறைந்து இருந்தது. தேவாலயத்தில் குடிலில் வைக்கோலும் நிஜம், ஆட்டுக்குட்டியும் நிஜம். காபிப் பழம் பறிக்கும் பருவம், தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளோடு புதுத்துணியில் வந்திருந்தார்கள். ஒரு சிறுவன் என் மகனின் மூக்கு மின்னும் ஜம்பரைப் பார்த்துப் பின்னாலேயே வந்தான். இருவரும் மாற்றி மாற்றி மூக்கை அழுத்தி, பாட்டு தீரத் தீர மறுபடி போட்டார்கள். பல்பு அன்று சாயங்காலம் அணைந்தது. உள்ளே வைத்துத் தைத்துவிட்ட பேட்டரி, மாற்ற வழியில்லை. திரும்பி வரும்போது மகன் அழுதுகொண்டே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை பின்கட்டில் அப்பா ஜம்பரை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரியைத் தையல் பிரித்து எடுத்துத் தனியாக வைத்திருந்தார். மூக்கிருந்த ஓட்டையில் அம்மா சிவப்பு நூலால் ஒரு பூ போட்டிருந்தாள். தொங்கிய நூல்களை ஒவ்வொன்றாக ஊசியால் பிடித்து அப்பா உள்ளே தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. சுண்டுவிரலை விட்டு இழுத்துப் பார்த்தார். இந்த முறை மாட்டவில்லை.

"அடுத்த வருசம் கைக்கு ரெண்டு இஞ்சு பத்தாதே" என்றாள் அம்மா. டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வந்து மகனின் மணிக்கட்டில் வைத்து அளந்தாள்.

"சாமி, கைக்கு வெறும் வெள்ள வைக்கட்டா, ஜரிகக் கரை வைக்கட்டா?"

"ஜரிக, அம்மாயி. ரெண்டு கைக்கும்."